9ஆம் எண் யாருக்கு? பரமட்டா ஈல்ஸ் (சிட்னி ரக்பி லீக் அணி), 2025 அணித் தெரிவு

வாசகர் ஒருவர் கேட்டது: "கிளின்ட் கதர்சனை அனுப்பியாச்சு. சாக் லோமாக்ஸ் வந்தாச்சு, ஜோஷ் ஆடோ-கார் வந்தாச்சு. புதுப் பயிற்சியாளர் ஜேசன் ரைல்ஸும் வந்தாச்சு. லோமாக்ஸுக்கு 1ஆம் எண்ணைக் கொடுத்தால் இந்த வருடம் முதல் எட்டுக்குள் வருவோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

12 ஜனவரி 2025

இருக்கிறது. (புதியவர்களுக்கு: சட்டை எண்தான் ஆடும் இடம். 1 ஃபுல்பேக், கடைசித் தடுப்பாளர். 6உம் 7உம் ஆட்டத்தை நடத்துபவர்கள், 7தான் ஹாஃப்பேக். 9 ஹூக்கர். விங் என்றால் மைதானத்தின் ஓரம்.) லோமாக்ஸ் செயின்ட் ஜார்ஜை விட்டு ஏன் வந்தார்? சென்டராக ஆடிக்கொண்டிருந்தவரை அங்கத்தைய பயிற்சியாளர் ஷேன் ஃபிளனகன் விங்குக்குத் தள்ளினார், மனுசனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதே விங்கில் ஆடித்தான் 2024இல் நியூ சவுத் வேல்ஸ் அணிக்குள் நுழைந்தார். குவீன்ஸ்லாந்து மாநிலத்துக்கு எதிரான தொடரையும் 2-1 என்று வென்றார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடி, இரண்டு பேருக்கு மேலால் எழும்பிப் பந்தைப் பிடிக்கும் அந்த வித்தை விங்கில்தான் உதவும். தன் கோட்டருகே முதல் டேக்கிளிலேயே (டேக்கிள்: பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) பந்தை வாங்கி முட்டி மோதிப் பத்து மீட்டர் எடுத்துத் தருவார். கோல் உதையும் உண்டு. அவரை வலது விங்கில் விடுங்கள், ஆடோ-காரை இடதில் விடுங்கள். 1ஆம் எண்ணுக்கு ஐசாயா ஐயோங்கி.

போன வருடம் 15ஆம் இடம். 17 அணிகளில் 15. அதை மறந்துவிட்டு எட்டைப் பற்றிக் கதைக்கிறோம்.

13 ஜனவரி

"ஐயோங்கியா, யார் அந்தப் பொடியன்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பென்ரித்தில் டிலன் எட்வர்ட்ஸுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர். எட்வர்ட்ஸ் இருக்கும்வரை அங்கே யாருக்கும் 1ஆம் எண் கிடைக்காது. 2022 இறுதியாட்டத்தில் நம்மை 28-12 என்று அடித்த அன்று இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கத்தை வாங்கிப் போனவர் அந்த எட்வர்ட்ஸ்தான். அவரைப் பயிற்சியில் தினமும் பார்த்து வளர்ந்தவன் என்றால் நான் நம்பத் தயார். முதல்தர அனுபவம் குறைவு, தெரியும்.

15 ஜனவரி

நேற்றுப் பொங்கல். மேஸ் ஹில் முருகன் கோயிலில் சனம். பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று கதைத்தது முழுக்க இதுதான். (எல்லோரும் இந்தியாவுடனான டெஸ்ட் தொடர் 3-1 என்று முடிந்ததைத்தான் கதைப்பார்கள் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் அது அலுத்துவிட்டது.)

எண்பதுகளின் நடுவில் வந்து சேர்ந்த அண்ணர் ஒருவர், "அந்தக் காலத்து நம் ஸ்டெர்லிங், கெனி மாதிரி இரண்டு பேர் 6இலும் 7இலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் வெல்லலாம், மற்றது எல்லாம் சும்மா" என்றார். அவருக்கு 1986 கிண்ணம் நேற்று நடந்தது போல. கேன்டர்பரிக்கு எதிராக 4-2, இரு பக்கமும் ஒரு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைப்பது) கூட இல்லை. நம் ரே பிரைஸும் மிக் குரோனினும் அத்தோடு ஓய்வு. அதற்குப் பிறகு இந்த நாள்வரை நமக்குக் கிண்ணமே இல்லை.

நான் அவரிடம் கேட்டது: நாம் கிண்ணம் வென்ற 1981, 82, 83 மூன்றிலும் தலைவர் யார்? ஸ்டெர்லிங் இல்லை, பிரைஸ் இல்லை. ஸ்டீவ் எட்ஜ். ஹூக்கர். 1977இல் நம்மோடு இறுதியாட்டம் 9-9 என்று சமன் ஆகி, மறு ஆட்டத்தில் 22-0 என்று நம்மைத் தோற்கடித்த செயின்ட் ஜார்ஜின் தலைவரும் அவர்தான். 1979இலும் அந்த அணியோடு கிண்ணம் வென்றார். அப்படிப்பட்டவரைக் கூட்டி வந்த பிறகுதான் பரமட்டாவுக்கு முதல் கிண்ணம் கிடைத்தது. அந்த இரவு ரசிகர்கள் சந்தோஷத்தில் கம்பர்லாந்து ஓவலின் பழைய மரக் கொட்டகையையே கொளுத்தினார்கள். அண்ணர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ஜாக் கிப்சன் பயிற்சியாளராக இருந்தார் அல்லவா" என்றார். அதுவும் சரிதான்.

ஆனால் என் கேள்வி 1 அல்ல, 7 அல்ல. 9 யாருக்கு?

20 ஜனவரி

இலங்கையில் ரக்பி யூனியன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு (கண்டியில் படித்த காலத்தில் பிராட்பி கேடய ரக்பி ஆட்டம் என்றால் நானும் வகுப்பைக் கட் அடித்தவன்) ஹூக்கர் என்றால் ஸ்க்ரமின் (இரு அணியும் தோள் கோத்துத் தள்ளுவது) நடுவில் தொங்கிக்கொண்டு பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர். லீக்கில் அந்த வேலை கிட்டத்தட்டப் போய்விட்டது. 13 பேர், ஆறு டேக்கிள் முடிந்தால் பந்து எதிரணிக்கு, ஸ்க்ரம் பேருக்குத்தான். இங்கே ஹூக்கரின் வேலை வேறு: ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தரையில் உருட்டிவிடப்படும் பந்தை எடுப்பவர் அவர். யாருக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் என்று முடிவெடுப்பதும் அவரே. ஹாஃப்பேக்கின் கையில் பந்து போவதற்கு முன்பே பாதி முடிவு எடுத்தாகிவிடும். தடுப்பு நேரத்தில் நடுவில் நின்று ஓர் ஆட்டத்தில் நாற்பது டேக்கிள் போட வேண்டும், அது தனி.

2020இல் கொண்டுவந்த புது விதி இதை இன்னும் பெரிதாக்கிவிட்டது. தடுப்பவர் எழும்பத் தாமதித்தால் முன்பு பெனால்டி, ஆட்டம் நிற்கும், எல்லோரும் மூச்சு விடுவார்கள். இப்போது பெரும்பாலும் நடுவர் கையை ஆட்டி ஆறு டேக்கிளையும் மறுபடி தொடக்கிவிடுவார், ஆட்டம் நிற்காது. களைத்துப்போன ப்ராப்கள் (முன்வரிசைக் கனத்த ஆட்கள்) பின்னுக்குப் போய்ச் சேருவதற்குள், தரையில் இருந்து பந்தை எடுத்து நேரே ஓடும் ஹூக்கர் இருந்தால் எதிரணி கதை முடிந்தது. மெல்பர்னில் ஹாரி கிராண்ட் செய்வது அதுதான்.

இப்போது நம்மைப் பாருங்கள். 2022 இறுதியாட்டத்தில் நமக்கு 9 அணிந்தவர் ரீட் மஹோனி. அந்தக் கோடையில் புல்டாக்ஸுக்குப் போய்விட்டார். ஐசாயா பாப்பாலி'ஈ டைகர்ஸுக்கு, மராட்டா நியுகோரே வாரியர்ஸுக்கு, ஓரிகன் காவ்ஃபூசி ஷார்க்ஸுக்கு. மஹோனியின் இடத்துக்குக் கான்பராவில் இருந்து ஜோஷ் ஹாட்ஜ்சனைக் கொண்டுவந்தார்கள். நல்ல மூளைக்காரர், ஆனால் கழுத்துக் காயத்தில் அந்த வருடமே ஓய்வு பெற வேண்டியதாயிற்று. பிறகு பிரெண்டன் ஹாண்ட்ஸ், செயின்ட் ஹெலன்ஸில் இருந்து திரும்பி வந்த ஜோயி லஸிக். இருவரும் உழைப்பாளிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதிரணி பயிற்சியாளர் நம் 9ஐ நினைத்துத் தூக்கம் கெட்டிருப்பாரா?

இறுதியாட்டம் ஆடிய அணி இரண்டே வருடத்தில் 15ஆம் இடத்துக்குச் சரிந்த பருவத்தின் நடுவிலேயே பயிற்சியாளர் பிராட் ஆர்தரைத் துரத்தினார்கள். நடுக்களம் காலியானதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

21 ஜனவரி

"அப்படியானால் நல்ல ஹூக்கரை வாங்கவேண்டியதுதானே" என்று ஒரு தம்பி. எங்கே விற்கிறார்கள்? நல்ல ஹூக்கர் வைத்திருக்கும் கிளப் விடாது. விட்டாலும் 30 பேருக்கும் சேர்த்துச் சம்பள உச்சவரம்பு ஒன்று இருக்கிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்பது 2016இல் 12 புள்ளிகளை இழந்த நமக்குத் தெரிந்ததைவிட யாருக்குத் தெரியும்?

31 ஜனவரி

வீட்டில் எல்லோரும் காலி டெஸ்டில் மூழ்கிவிட்டார்கள். கவாஜா 232. ரக்பி கதைக்க ஆளில்லை.

அக்காவின் மகன் மட்டும் வந்தான். வென்ட்வொர்த்வில் பக்கம் சின்னப் பொடியன்கள் அணியில் ஹூக்கராக ஆடுகிறான். முழங்கை முழுக்கக் காயம். "ஏன் உந்த விளையாட்டு, கிரிக்கெட் விளையாடக்கூடாதோ" என்று அக்கா அரைமணி நேரம். அவனிடம் கேட்டேன், எது கஷ்டம் என்று. டேக்கிள் கஷ்டமில்லையாம், எழும்பி ஓடிப்போய் அடுத்த பந்துக்கு முன்னால் அங்கே நிற்பதுதான் கஷ்டமாம். விங்கில் நிற்பவன் குளிருது என்று முறையிடுவானாம். இந்தப் பொடியனுக்கு விளங்குவது நம் ஆட்களுக்கு விளங்கவில்லை.

20 பெப்ரவரி

நம் 7ஆம் எண் மிட்செல் மோசஸுக்குப் பாதத்தில் காயம், தொடக்கச் சுற்றுகளில் இல்லை. போன வருடமும் இதே கதை: பாதம் உடைந்து மாதக்கணக்கில் வெளியே இருந்தார். திரும்பி வந்ததும் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் மாநில அணிக்கு ஆடி, 38-18 என்று குவீன்ஸ்லாந்தை உரித்துத் தொங்கவிட்டார். ஈல்ஸுக்கு அதற்குள் பருவம் முடிந்த மாதிரிதான்.

இப்போது 7க்கு யார்? ஈதன் சாண்டர்ஸ் நம் கையில் வளர்ந்த ஹாஃப்பேக், கான்பராவுக்குப் போயாச்சு. பிளேஸ் டலாகி 6இல் ஆடக்கூடிய பொடியன், பென்ரித்துக்குப் போயாச்சு. இரண்டு பேரும் ஒரே கோடையில். சவுத் சிட்னியில் இருந்து வந்த டீன் ஹாக்கின்ஸ் இருக்கிறார், டிலன் பிரவுனை 6இல் இருந்து 7க்கு மாற்றலாம். எனக்கு ஹாக்கின்ஸ். பிரவுன் இடது பக்கம் ஓடி ஆடுபவர், தடுப்பில் ஒரு ஃபார்வர்டு (நடுவில் மோதி உழைப்பவர்) போல. அவரிடம் உதைப்பொறுப்பையும் அணியை நடத்தும் பொறுப்பையும் கொடுத்தால் இருக்கிற பிரவுனும் காணாமல் போவார்.

22 பெப்ரவரி

பிரவுன்-7 கட்சிக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். "அவ்வளவு சம்பளம் வாங்குபவர் அணியை நடத்தக்கூடாதா?" நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். சம்பளப் பட்டியலை வைத்து இடம் கொடுப்பது என்றால் பயிற்சியாளர் எதற்கு, கணக்காளர் போதுமே.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். 9 பலமில்லாத அணியில் புது 7 என்றால் இரண்டு ஓட்டை. பிரவுனாவது நம் ஃபார்வர்டுகள் பவுலோவோடும் ஹாப்குட்டோடும் ஆடிப் பழகியவர். ஆகவே ஹாக்கின்ஸ் 7 என்றால் 9க்கு அனுபவஸ்தர் லஸிக் தொடங்க வேண்டும், இளையவர் ரைலி ஸ்மித் பெஞ்சில் இருந்து அரைமணி ஓடட்டும். பிரவுன் 7 என்றால் ஸ்மித்தையே தொடங்க விடலாம். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். இந்தக் கணக்கைப் போடாமல் "லோமாக்ஸ் 1" என்று மட்டும் எழுதுபவர்களோடு நான் கதைக்கத் தயாரில்லை.

(லோமாக்ஸ் 1 என்று எழுதியவர் இன்னும் அதையே எழுதுகிறார்.)

23 பெப்ரவரி

பெஞ்ச் (மாற்று ஆட்டக்காரர்கள்) கேட்டவருக்கு: இந்த வருடம் நாலு பேர், எட்டு மாற்றம். மூன்று ஃபார்வர்டும் ஒரு ஹூக்கரும். ரீகன் கேம்பல்-கிலார்ட் கோல்ட் கோஸ்டுக்குப் போன பிறகு ஜூனியர் பவுலோ முழு நேரமும் உழ முடியாது. ஷார்க்ஸில் இருந்து வந்த ஜாக் வில்லியம்ஸ் அங்கே வேண்டும். ரைல்ஸே ஒரு ப்ராப், 2012இல் மெல்பர்னோடு கிண்ணம் வென்றவர், இடையில் எடி ஜோன்ஸோடு இங்கிலாந்து யூனியன் அணியில் வேலை பார்த்தவர். முன்வரிசையின் அருமை அவருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

3 மார்ச்

லாஸ் வேகாஸ் ஆட்டங்கள் பார்த்தேன். கான்பரா 30-8 என்று வாரியர்ஸை, பென்ரித் 28-22 என்று ஷார்க்ஸை. விக்கனும் வாரிங்டனும் இங்கிலாந்தில் இருந்து அங்கே போய் ஆடியது இன்னும் விசித்திரம், 48-24. இரண்டு மாதம் கதைத்துக் கடைசியில் உண்மையான லீக். சாண்டர்ஸை எடுத்துக்கொண்ட கான்பரா வென்றது, டலாகியை எடுத்துக்கொண்ட பென்ரித் வென்றது. இதற்கு மேல் சொன்னால் நான் பொறாமைக்காரன் என்பார்கள்.

4 மார்ச்

செவ்வாய் நாலு மணி, அணிப் பட்டியல் வரும் நேரம். வேலையில் கூட்டம் நடக்கும்போது மேசைக்குக் கீழே போனைப் பார்த்தேன். 1: ஐயோங்கி. லோமாக்ஸ் கட்சி கலைந்தது. பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம், 18இல் இருந்து 22 வரை மேலதிகமாக ஐந்து பேர் இருக்கிறார்கள், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்புகூட மாற்றுவார்கள்.

முதல் ஆட்டம் மெல்பர்னில், கிரெய்க் பெல்லமியின் அணியோடு. ரைல்ஸ் போன வருடம் அங்கேதான் உதவிப் பயிற்சியாளர். பெல்லமியின் அணி பருவத்தின் முதல் ஆட்டத்தில் தோற்பது அமாவாசையில் நிலாப் பார்ப்பது மாதிரி. பத்துப் புள்ளிக்குள் தோற்றால் நான் சந்தோஷப்படுவேன்.

10 மார்ச்

56-18.

ஒன்றும் எழுதப் போவதில்லை என்று நினைத்தேன். காலையில் போனைத் திறந்தால் "விங்கர்களை மாற்று" என்று ஒருவர். ஐயா, பந்து பின்னுக்கு வந்த வேகத்தைப் பார்த்தீர்களா? அவர்களுடைய ஒவ்வொரு டேக்கிளும் முடிந்து பந்து உருளும்போது நம் ஆட்கள் இன்னும் முழங்காலில். நாம் பந்து வைத்திருக்கும்போது அவர்கள் கோடு போட்டு நிற்கிறார்கள். அந்த இடைவெளிதான் 56. விங்கில் கடவுளை நிறுத்தினாலும் அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும்.

ஐயோங்கி பற்றி மட்டும் ஒரு வரி: தொடர்ந்து அடிவாங்கும் அணியின் கடைசித் தடுப்பாளராக இருப்பதைவிட மோசமான வேலை இல்லை. அந்தப் பொடியனை ஒரு ஆட்டத்தை வைத்து எடைபோடாதீர்கள்.

அதே அண்ணர் போன் எடுத்து, "எட்ஜ் இருந்திருந்தால்..." என்று தொடங்கினார். ஜனவரியில் அவருக்கு எட்ஜ் தேவைப்படவில்லை.

14 மார்ச்

டிலன் பிரவுன் அடுத்த வருடத்தில் இருந்து நியூகாசில். பத்து வருடம், சுமார் 13 மில்லியன் டொலர் என்கிறார்கள். 2023இல் நாம் எழுதிய நீண்ட ஒப்பந்தத்தில் இடையில் வெளியேறும் உரிமையை ஆட்டக்காரர் கையிலேயே கொடுத்து வைத்திருந்தோம். பிரவுனை ஏச மாட்டேன். அப்படி ஒரு தொகையை யாராவது எனக்கு நீட்டினால் நான் நியூகாசிலுக்கு நடந்தே போவேன், இரண்டரை மணி நேரம் ரயில் எதற்கு?

தெரிவுக்கு வருவோம். "போகிறவனை இப்போதே கழற்றிவிடு, இளையவர்களைப் போடு" என்று கேட்கிறார்கள். எந்த இளையவர்? சாண்டர்ஸும் டலாகியும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். மோசஸ் திரும்பும்வரை பிரவுன் 6இல் இருக்கட்டும். 2026க்கு யோசிக்க ரைல்ஸுக்கு நேரம் இருக்கிறது. இன்னொன்று: அந்தப் பணம் மிஞ்சும். அதை இன்னொரு 6இல் கொட்டாமல் ஒரு 9க்கும் ஒரு ப்ராப்புக்கும் பிரித்தால் நல்லது. செய்வார்களா என்றால், மாட்டார்கள். ப்ராப்பின் படத்தைப் போட்டு யாரும் உறுப்பினர் சீட்டு விற்றதில்லை.

18 மார்ச்

சொந்த மைதானத்தில் டைகர்ஸிடம் 32-6. அவர்களுடைய ஜரோம் லுவாய் நம் வீட்டுக்குள் வந்து சிரித்துக்கொண்டு ஆடிவிட்டுப் போனார். இந்தத் தடவை வெஸ்ட்மீடில் இருந்து புது டிராமில் போனோம், பிரின்ஸ் ஆல்ஃபிரட் சதுக்கத்தில் இறங்கினால் கொஞ்ச நடைதான். அன்றைக்குச் சொல்லக்கூடிய நல்ல விஷயம் அந்த டிராம். மருமகன் இரண்டாம் பாதியில் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, டைகர்ஸ் ஹூக்கர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். தரையில் பந்து விழுமுன் அங்கே இருந்தார்.

அடுத்த பட்டியல் இன்று நாலு மணிக்கு. நான் என்றால்: ஐயோங்கி தொடரட்டும். பிரவுன் 6, ஹாக்கின்ஸ் 7. 9இல் வாரம் ஒருவரை மாற்றாமல் ஒருவரை முடிவு செய்து ஏழெட்டு ஆட்டம் விட்டுப் பார்க்க வேண்டும், என் விருப்பம் இப்போது ஸ்மித். தோற்கிற வருடத்தில் வயது குறைந்தவன் தோற்றுப் பழகட்டும், லஸிக் பெஞ்சில் இருந்து வந்து தாங்கிப் பிடிக்கட்டும். ஹாப்குட்டை 13இல் இருந்து அசைக்க வேண்டாம். பவுலோவுக்கு இருபது நிமிடத்தில் ஒரு ஓய்வு, வில்லியம்ஸ் அந்த நேரம் உள்ளே.

விங்கில் யார் என்று மறுபடியும் கேட்பவருக்கு: லோமாக்ஸ், ஆடோ-கார். ஜனவரியில் சொன்னதுதான். பந்து அவர்கள் பக்கம் போகும் வாரத்தில் அதைப் பற்றிக் கதைப்போம்.